சிப்பியை இடித்தால் நிறம் எங்கே போகிறது?

கேள்வி ராமநாதபுரம் கரையில் உள்ள பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி எழுதியது. வீட்டில் தாத்தா காலத்து முத்துச்சிப்பி ஓடுகள் கொஞ்சம் கிடந்தனவாம். உள்பக்கம் வானவில் மாதிரி மினுக்கும். அவருடைய அம்மா கோழித் தீவனத்தில் கலக்க இரண்டை உரலில் போட்டு இடித்தபோது மிஞ்சியது வெறும் வெள்ளைத் தூள். "அந்த நிறம் எங்கே சார் போச்சு? போட்டானிக் கிரிஸ்டல்னு புராஜெக்ட் எடுக்கலாம்னு இருக்கேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா? எங்க காலேஜ் லேப்ல பெருசா ஒண்ணும் இல்லையே, என்ன செய்றது?"

மூன்று கேள்விக்கும் ஒரே வேர்தான் தம்பி. அந்த ஓட்டில் சாயம் எதுவும் இருந்ததில்லை. சுண்ணாம்புக் கார்பனேட்டும் கொஞ்சம் புரதமும்தான். நிறத்தை உண்டாக்கியது அவற்றின் அடுக்குகளுக்கு இடையே இருந்த தூரம். உலக்கை அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது.

முத்துச்சிப்பியின் உட்பூச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்தனார் கட்டிய செங்கல் சுவர் மாதிரி இருக்கும். அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் தகடுகள்தான் செங்கல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரான், அதாவது 500 நானோமீட்டர் கனம் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்), சிலவற்றில் இன்னும் குறைவு. நடுவில் சாந்து மாதிரி மிக மெல்லிய கரிமப் படலம், சில பத்து நானோமீட்டர். இப்படி நூற்றுக்கணக்கான வரிசைகள். ஒவ்வொரு எல்லையிலும் ஒளியில் மிகச் சிறிய பங்கு திரும்பும். திரும்பிய துணுக்குகள் எல்லாம் முகடோடு முகடு சேரும் அலைநீளம் பளிச்சென்று தெரியும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தகடு 380 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் (ஒளி அதற்குள் எத்தனை மடங்கு மெதுவாகும் என்ற எண்) 1.68. படலம் 30 நானோமீட்டர், எண் 1.5 என்று வையுங்கள். கனத்தை எண்ணால் பெருக்கினால் ஒரு ஜோடியின் ஒளிப்பாதை 638 கூட்டல் 45, அதாவது 683. போய்த் திரும்ப இரட்டிப்பு: 1366. இது எந்த அலைநீளத்தின் முழு மடங்கோ, அந்த நிறம் வலுப்பெறும். இரண்டால் வகுத்தால் 683, சிவப்பு. மூன்றால் வகுத்தால் 455, நீலம். ஒரே அடுக்கிலிருந்து சிவப்பும் நீலமும் சேர்ந்து வருவதால்தான் சிப்பியில் அந்த ரோஜா கலந்த ஊதா. தகடு 300 நானோமீட்டராக மெலிந்த இடத்தில் இதே கணக்கு 549 என்று வரும், அது பச்சை. மூன்றாவது மடங்கு 366க்குப் போய்க் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவில் ஒளிந்துகொள்ளும். சிப்பியைச் சாய்த்தால் நிறம் நீலப் பக்கம் நகருவதும் இதனால்தான். சாய்வாகப் போகும் ஒளிக்கு அடுத்தடுத்த அடுக்குகளின் பாதை வித்தியாசம் குறைகிறது.

அப்படியானால் தூள்? ஒவ்வொரு துகளுக்குள்ளும் இன்னும் சில அடுக்குகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு துகள் கிழக்கே பார்க்கும், இன்னொன்று தெற்கே பார்க்கும். ஒன்று பச்சையைத் திருப்பினால் பக்கத்தில் உள்ளது சிவப்பைத் திருப்பும். ஒழுங்கற்ற பரப்புகளில் சிதறும் வெளிச்சமும் சேரும். எல்லாம் கலந்தால் வெள்ளை. உப்பளத்து உப்புக் குவியல் வெள்ளையாகத் தெரிவதற்கும் பாதிக் காரணம் இதே சிதறல்தான், ஒற்றை உப்புக்கல் கண்ணாடி மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், பாடப்புத்தகங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. சிப்பியின் நிறம் முழுவதும் உள்ளடுக்கிலிருந்து வருவதில்லை. 1814இல் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் சிப்பித் துண்டை மெழுகில் ஒட்டி அளந்துகொண்டிருந்தார். சிப்பியைப் பிரித்த பிறகு பார்த்தால் மெழுகிலும் வானவில்! சிப்பியின் மேற்பரப்பில் அடுக்குகளின் ஓரங்கள் வந்து முடிகிற இடங்களில் நுண்ணிய வரிகள் உண்டு. அந்த வரிகள் மெழுகில் அச்சாகி, கீற்றணி (நெருக்கமாக வரிகள் கீறிய தகடு) மாதிரி ஒளியைப் பிரித்தன. மெழுகுக்குத் தொற்றும் நிறம் ஒன்று, தொற்றாத நிறம் ஒன்று என்று அவர் இரண்டாகப் பிரித்தார். முதலாவது மேற்பரப்பு விஷயம், இரண்டாவது உள்ளடுக்கு விஷயம். இருநூறு வருடத்துக்கு முந்தைய இந்தச் சோதனையைச் செய்ய உங்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி போதும்.

நம்மூர்க்காரர் ஒருவர் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். நோபல் பரிசு வாங்கி ஐந்து வருடம் கழித்து, 1935இல், மினுக்கும் சிப்பிகளைப் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார். பெரிய பரிசு வாங்கிய மனிதர் சிப்பி ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார் என்பதே எனக்குப் பிடித்த விஷயம். திருப்பி அனுப்பும் நிறம், ஊடுருவும் நிறம், சிதறலில் தோன்றும் வளையம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அதே காலத்தில் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து இன்னொன்றும் செய்தார். திரவத்துக்குள் மீயொலியைச் செலுத்தினால் நெருக்கமும் தளர்வும் மாறிமாறிச் சீரான இடைவெளியில் நிற்கும். அதன் குறுக்கே போகும் ஒளி பல கதிர்களாகப் பிரியும். இன்றைக்கு ராமன்-நாத் கோட்பாடு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். சீரான அமைப்புக்குள் ஒளி எப்படிப் போகும் என்ற உங்கள் தலைப்புக்கு இந்த மண்ணில் அவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

இனி போட்டானிக் கிரிஸ்டலுக்கு வருவோம். தமிழில் ஒளிப்படிகம் என்று சொல்லலாம். ஒளிவிலகல் எண் வேறான இரண்டு பொருள்கள், பல சமயம் ஒரு கட்டியும் அதில் துளைத்த ஓட்டைகளும், அலைநீளத்தை ஒட்டிய இடைவெளியில் சீராக மாறிமாறி வரும் அமைப்பு அது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் உடனே வலையை உவமை சொல்வார்கள்: "வலைக்கண்ணை விடச் சின்ன மீன் தப்பும், பெரிய மீன் சிக்கும், அது மாதிரி தானே சார்?" அந்த உவமை வேண்டாம். வலையில் ஒரே ஒரு கண் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒளிப்படிகத்தில் தனி ஓட்டைக்கு எந்தச் சக்தியும் கிடையாது. கூட்டமாக, ஒழுங்காக நின்றால்தான் காரியம்.

கடலிலேயே நல்ல உவமை இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் மணல் வரிவரியாக மேடு கட்டியிருக்கும். ஒரு மேடு அலையில் மிகக் கொஞ்சத்தைத்தான் திருப்பும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் மேடுகளுக்கிடையே உள்ள தூரம் அலைநீளத்தில் சரிபாதியாக அமைந்துவிட்டால், ஒவ்வொன்றும் திருப்பிய துளி அடுத்ததோடு சேர்ந்து சேர்ந்து, அலையில் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிவிடும். ஹீதர்ஷா என்பவர் 1982இல் தொட்டியில் செயற்கை மேடுகள் அமைத்து இதை அளந்து காட்டினார். பெண்கடல் பக்கம் பாக் நீரிணையில் மெல்லிய அலையைப் பார்த்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம். ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இப்படி நிதானமாக யோசிக்க முடியாது!

ஆனால் 'திரும்பிவிடுகிறது' என்பதோடு நிறுத்தினால் பாதிதான் புரிந்தது. ஏன் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மட்டுமல்லாமல் ஒரு முழுப் பட்டையே தடைபடுகிறது? இதை நிதானமாகப் படியுங்கள், உங்கள் வைவாவில் கேட்பார்கள். இடைவெளி அரை அலைநீளமாக இருக்கும்போது முன்னே போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து, நகராமல் அதே இடத்தில் அதிரும் நிலையலை ஆகிவிடும். அந்த நிலையலை இரண்டே விதமாக நிற்க முடியும். ஒன்றில் அதன் புடைப்பு ஒளிவிலகல் எண் அதிகமான பகுதியில் விழும். மற்றதில் எண் குறைந்த பகுதியில் விழும். அலைநீளம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அடர்ந்த பொருளில் புடைத்து நிற்பதற்கு அதிர்வெண் குறைவாக இருக்கும், மற்றதற்குக் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டு அதிர்வெண்களுக்கும் நடுவே உள்ள எந்த அதிர்வெண்ணுக்கும் அந்தப் படிகத்துக்குள் நிற்கவோ நடக்கவோ வழியே இல்லை. அதுதான் தடைப்பட்டை. இரு பொருள்களின் எண் வித்தியாசம் கூடினால் பட்டை அகலும். குறைக்கடத்தியில் எலக்ட்ரானுக்கு வருகிற ஆற்றல் இடைவெளியும் இதே கணக்குதான். அடுக்குகளுக்கான இந்தக் கணிதத்தை ராலே பிரபு 1887லேயே எழுதிவிட்டார்.

இதற்கு மிகச் சுத்தமான உதாரணம் மீன். சின்ன வயதில் ஏலக்கூடத்தில் சாவாளையைத் தூக்கிவிட்டு, கையெல்லாம் வெள்ளிப்பூச்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து, உண்மையான வெள்ளி என்று நம்பி இரண்டு நாள் கை கழுவாமல் அடி வாங்கியவன் நான். அந்தப் பூச்சு குவானின் என்ற பொருளின் படிகத் தகடுகள். அதன் ஒளிவிலகல் எண் 1.83. நடுவில் உள்ள செல் திரவத்துக்கு 1.33. கால் அலைநீளக் கனத்தில் ஒரே ஒரு தகடு இருந்தால் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் திரும்பும். ஐந்து தகடு அடுக்கினால் 85 சதவீதம். பத்து அடுக்கினால் 99ஐத் தாண்டும். உலோகம் ஒரு துளிகூட இல்லாமல் கண்ணாடி! மீனுக்கு எல்லா நிறமும் திரும்ப வேண்டும், அப்போதுதான் கடல்வெளிச்சத்தோடு கலந்து மறையலாம். அதனால் அடுக்குகளின் கனத்தை ஒரே சீராக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறது. ஐரோப்பியச் சாளையிலும் ஹெர்ரிங் மீனிலும் இருவிதக் குவானின் படிகங்கள் கலந்திருப்பதை 2012இல் கண்டுபிடித்தார்கள். சாதாரண அடுக்குக் கண்ணாடி சாய்வான கோணத்தில் ஒளியை முனைவாக்கி (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் அதிகமாகத் திருப்பி) பளபளப்பை இழந்துவிடும். இந்தக் கலவை அதைத் தடுக்கிறது.

சிப்பியும் மீனும் ஒரு திசையில் மட்டும் ஒழுங்கு கொண்டவை. இரண்டு திசைக்கு முதுகுளத்தூர், சிக்கல் பக்கத்து வயல்வெளியில் திரியும் மயிலைப் பாருங்கள். தோகையின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் சதுரக் கட்டமாக நிற்கின்றன. 2003இல் சீன ஆய்வாளர்கள் அளந்தார்கள்: நீலப் பகுதியில் குச்சிகளுக்கிடையே சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150. பத்து நானோமீட்டர் தள்ளி வைத்ததில் நீலம் பச்சையாகிவிட்டது. மூன்று திசையிலும் ஒழுங்கு வேண்டுமானால் ஓபல் என்ற மணிக்கல், சிலிக்கா உருண்டைகளின் அடுக்கு. ஆனால் ஓபலிலும் முழுத் தடை கிடையாது. ஒரு திசையில் மறித்தால் இன்னொரு திசையில் ஒளி நழுவிவிடும்.

எந்தத் திசையிலும் நழுவ முடியாதபடி செய்தால் என்ன என்று 1987இல் இரண்டு பேர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், எழுதினார்கள். அமெரிக்க இயற்பியலாளர் எலி யாப்லனோவிச்சுக்கு, லேசரில் அணுக்கள் தாமாகவே ஒளியை விட்டு வீணாக்கும் தன்னிச்சை உமிழ்வை அடக்க வேண்டும். கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜானுக்கு ஒளியை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும். துறை பிறந்தது அங்கேதான். அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். யாப்லனோவிச் குழு பலவிதமாக ஓட்டை போட்டுப் பார்த்து, 1989இல் முழுத் தடைப்பட்டை கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. கணக்குப் போட்டவர்கள் அது முழுத் தடை இல்லை என்று காட்டினார்கள். 1990இல் ஹோ, சான், சூக்கூலிஸ் மூவரும் வைரத்தின் அணு அடுக்கு மாதிரி வைத்தால் கிடைக்கும் என்று கணித்தார்கள். 1991இல் யாப்லனோவிச் ஒரு கட்டியில் மூன்று சாய்வுத் திசைகளில் ஓட்டை துளைத்து உண்மையிலேயே எடுத்துக் காட்டினார். கவனியுங்கள், அந்த ஓட்டைகள் மில்லிமீட்டர் அளவு, சோதித்தது நுண்ணலையில். மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு அளவு பற்றிக் கவலையில்லை. அலைநீளத்தைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கினால் ஓட்டையையும் அவ்வளவு பெருக்கினால் போதும், அதே விடை வரும். உங்கள் புராஜெக்டுக்கு இதுதான் திறவுகோல், பின்னால் சொல்கிறேன்.

ஒழுங்கை உண்டாக்கிய பிறகு வேண்டுமென்றே ஓரிடத்தில் குலைப்பது அடுத்த வித்தை. வரிசையில் ஒரு ஓட்டையை மட்டும் துளைக்காமல் விட்டால், தடைபட்ட ஒளிக்கு அங்கே மட்டும் இருப்பிடம் கிடைக்கும். வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். அதை வைத்து மிகச் சிறிய லேசர் செய்தார்கள். ஒரு முழு வரிசையை விட்டுவிட்டால் ஒளிக்கு வாய்க்கால் ஆகிவிடும். பட்டையின் விளிம்பில் ஒளி தவழும். 2005இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சிலிக்கன் சில்லில் ஒளியின் குழுத் திசைவேகத்தை, அதாவது ஒளித்துடிப்பு நகரும் வேகத்தை, 300 மடங்குக்கு மேல் குறைத்தார்கள்.

கண்ணாடி இழையில் இந்த யோசனையைப் புகுத்தியவர் பிலிப் ரஸ்ஸல். இழை நெடுக நுண்துளைகள் ஓடும் முதல் ஒளிப்படிக இழை 1996இல் வந்தது. நடுவில் கண்ணாடியே இல்லாமல் காற்றில் ஒளியை ஓட்டும் இழை 1999இல். இன்று நாம் பயன்படுத்தும் நல்ல இழையில் 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு. பாம்பனில் விட்ட ஒளி ராமேஸ்வரத்தைத் தாண்டியதும், ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், பாதியாகிவிடும். 2025இல் சவுத்தாம்ப்டன் குழு வெளியிட்ட உள்ளீடற்ற இழையில் இழப்பு 0.091 டெசிபல். பாதியாக 33 கிலோமீட்டர் ஆகும், கிட்டத்தட்ட அரிச்சல்முனை வரை. ஒரு எச்சரிக்கை: இந்தச் சாதனை இழை தடைப்பட்டையால் வேலை செய்வதில்லை. மெல்லிய கண்ணாடிச் சுவர்கள் ஒளியை வெளியே கசியவிடாமல் உள்ளேயே திருப்பும் எதிர்ஒத்ததிர்வு என்ற வேறு உத்தி. இரண்டையும் ஒன்றாக எழுதி மதிப்பெண் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் கரைக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது இழை பிராக் கீற்றணி. கென் ஹில் 1978இல் கனடாவில் கண்டது. இழையின் உள்ளகத்தில் சுமார் 535 நானோமீட்டருக்கு ஒருமுறை ஒளிவிலகல் எண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் 1550 நானோமீட்டர் ஒளி மட்டும் திரும்பும். இழை இழுபட்டால் இடைவெளி கூடும், திரும்பும் அலைநீளமும் நகரும். அதை அளந்தால் பாலத்தின் நெளிவு தெரிந்துவிடும். பாம்பன் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துருவேறும் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு, துருப்பிடிக்காத கண்ணாடி உணரியின் அருமை தெரியும்.

சரி, லேப். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று பீரோவுக்குள்ளேயே ஓய்வு பெற்றது. சாவி வைத்திருந்தவர் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் எம்.எஸ்சி. லேப்களில் பெரும்பாலும் எக்ஸ்-பேண்ட் நுண்ணலை பெஞ்ச் ஒன்று தூசி படிந்து கிடக்கும், 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ். அது போதும். கடையில் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு ஆறு வெட்டி வாங்குங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீள அகலம். நுண்ணலையில் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, ஆகவே ஒளிப்பாதை 8 மில்லிமீட்டர். அப்படியானால் காற்றிடைவெளியும் 8 மில்லிமீட்டர் வையுங்கள், மரக்கட்டையில் ரம்பத்தால் பள்ளம் கீறினால் தகடுகள் நிற்கும். ஒவ்வொரு அடுக்கும் கால் அலைநீளம், ஆகவே நாலு எட்டு 32. 32 மில்லிமீட்டர் அலைநீளம் என்றால் 9.4 கிகாஹெர்ட்ஸ். தடைப்பட்டை ஏறத்தாழ 8 முதல் 10.8 வரை விரியும் என்று கணக்கு சொல்கிறது. ஐந்து தகட்டிலேயே நடு அதிர்வெண்ணில் 95 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். கண்ணுக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பரின் முகம் தெளிவாகத் தெரியும், நுண்ணலைக்கோ அது சுவர்.

அடுத்து, மூன்று மூன்றாகப் பிரித்து நடு இடைவெளியை மட்டும் 16 மில்லிமீட்டர் ஆக்குங்கள். தடைப்பட்டையின் நட்டநடுவில் ஒரு குறுகிய கதவு திறந்து அலை அந்தப்பக்கம் வரும். ஒளிப்படிகக் குழிவு என்று ஆய்விதழ்களில் எழுதுகிறார்களே, அது இதுதான். அங்கே அலைநீளம் மட்டும் மிகச் சிறியது. கூடவே அடுக்குக்கு இரண்டுக்கு இரண்டு அணியை (மேட்ரிக்ஸ்) பெருக்கும் சின்ன பைத்தான் நிரல் எழுதி, அளந்த வளைகோட்டோடு ஒப்பிடுங்கள். இரு பரிமாணத்துக்குப் போக ஆசை வந்தால் மீப், எம்.பி.பி. என்று இலவச மென்பொருள்கள் எம்.ஐ.டி.யில் உருவானவை இருக்கின்றன, சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

சிப்பிக்காக தீவுப் பக்கம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, எதையும் எடுக்கக்கூடாது. அம்மா இடிக்காமல் விட்ட ஓட்டில் ஒன்றே போதும். மெழுகை உருக்கி ஒரு தட்டில் ஊற்றி, மேலே ஆடை கட்டும் பதத்தில் சிப்பியின் உள்பக்கத்தை அழுத்துங்கள். ஆறிய பிறகு மெதுவாக எடுத்து, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் மெழுகைச் சாய்த்துப் பாருங்கள். சிப்பியில் எந்த நிறம் மெழுகுக்கு வந்தது, எது வரவில்லை என்று கோணத்தோடு குறித்து எனக்கு அனுப்புங்கள். வரவில்லை என்ற பட்டியல்தான் உங்கள் முதல் அத்தியாயம்.